தவறானவர்களே ஏன் பதவிக்கு வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இந்தக் கேள்வி எழுகிறது. பதில் சொல்பவர்களில் பலர் "அரசியல் என்றாலே அப்படித்தான்", "மனிதர்கள் பேராசைக்காரர்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை. ஒரு பதவிக்கு யார் வருவார்கள் என்பதை அந்தப் பதவிக்குச் செல்லும் வழியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. இந்தியத் தேர்தல்களில் வேட்பாளர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதை மையமாக வைத்து இங்கே பதில் சொல்கிறேன். தேவைப்படும் இடங்களில் மட்டும் வெளியே போய் வருகிறேன்.

தவறானவர்கள் அதிகம் வருகிறார்கள் என்பது உண்மையா, நம் எரிச்சலில் சொல்வதா?

வேட்பாளர்கள் தாங்களே கையெழுத்திட்டுத் தரும் பிரமாணப் பத்திரங்களிலிருந்து பார்ப்போம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏ.டி.ஆர்.) என்ற தன்னார்வ அமைப்பு இவற்றைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. தம்மீது குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009-ல் 162 பேர். 2014-ல் 185, 2019-ல் 233, 2024-ல் 251. மொத்தம் 543 பேர் கொண்ட அவையில் இது 46 விழுக்காடு. 2024-ல் வென்றவர்களில் 504 பேர் கோடீஸ்வரர்கள்.

வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். சாலை மறியல் செய்தவர் மீதும், அனுமதியின்றி ஊர்வலம் போனவர் மீதும் வழக்குப் போடுகிறார்கள். மக்களுக்காகப் போராடியவர்களுக்கு அந்த வழக்குகள் பெருமைதான். அவற்றை ஒதுக்கிவிட்டு கொலை, கொலை முயற்சி, ஆள் கடத்தல், பெண்களுக்கு எதிரான குற்றங்கள் போன்ற கடுமையான வழக்குகளை மட்டும் எடுத்தாலும் 2024-ல் 170 பேர் இருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அந்தச் சங்கம் ஒவ்வொரு தேர்தலிலும் வெளியிட்ட எண்ணிக்கை முந்தையதைவிடக் கூடியிருப்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

மக்கள்தானே வாக்களிக்கிறார்கள்? அப்படியானால் குற்றம் அவர்கள் மேல்தானே?

இந்த வாதம் சொல்வதற்கு எளிது. அதனாலேயே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வாக்காளர் கையில் வாக்கு வருவதற்கு முன்பே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. ஒரு தொகுதியில் இருபது பேர் போட்டியிட்டாலும், வெல்ல வாய்ப்புள்ளவர்கள் இரண்டு மூன்று கட்சிகளின் வேட்பாளர்கள்தான். அந்த இரண்டு மூன்று பேரையும் தேர்ந்தெடுத்தது யார்? கட்சித் தலைமை. ஒரு சிறு அறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து முடிவு செய்த பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வதுதான் நம் உரிமையாக மிஞ்சுகிறது.

2024-ல் வழக்குள்ள வேட்பாளர்களில் 15.3 விழுக்காட்டினர் வென்றார்கள், வழக்கில்லாதவர்களில் 4.4 விழுக்காட்டினர் மட்டுமே. இதைக் காட்டி, "பாருங்கள், மக்களுக்கு ரௌடிகளைத்தான் பிடிக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அது அவசர முடிவு. வழக்கில்லாதவர்களின் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான சுயேச்சைகளும் சிறு கட்சியினரும் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கில்லாததால் தோற்கவில்லை, பெரிய கட்சியின் சின்னம் இல்லாததால் தோற்றார்கள்.

கட்சிகள் ஏன் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்துகின்றன?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கும்போது கட்சி அலுவலகங்களில் விருப்ப மனு வாங்குவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. பிறகு நேர்காணல். தொகுதியில் உங்கள் சாதியின் பலம் என்ன, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற இரண்டு கேள்விகளும் அங்கே எழாமல் இருப்பதில்லை. கட்சிக்காரர்களே இதை மறைப்பதில்லை. தொகுதியின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிக் கேட்டார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

சட்டப்படி ஒரு பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரையும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரையும் செலவு செய்யலாம். 2022-லிருந்து இதுதான் வரம்பு. ஆனால் கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது. வேட்பாளர் கணக்கில் வராமல் போகும் பணம் எவ்வளவு என்பது ஊரறிந்தது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. இந்த நான்கு தேர்தல்களும் பணப் பட்டுவாடா காரணமாகவே குறித்த நாளில் நடக்காமல் ரத்தாகின. ஒரே மாநிலத்தில், நான்கு ஆண்டு இடைவெளிக்குள். பிடிபட்டவையே இவ்வளவு.

இப்போது கட்சித் தலைமையின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்பவர், பூத்துக்கு ஆள் வைத்திருப்பவர், கட்சி நிதிக்கும் தருபவர் ஒருவர் வந்து நிற்கிறார். பக்கத்தில், முப்பது ஆண்டுகளாகக் கொடி கட்டி, சுவரொட்டி ஒட்டி, மாநாட்டுக்கு ஆள் திரட்டிய ஒரு கிளைச் செயலாளர் நிற்கிறார். அவரிடம் பணம் இல்லை. யாருக்குச் சீட்டு கிடைக்கும் என்பது கிளைச் செயலாளருக்கே தெரியும். அவர் மனு கொடுப்பதுகூட, "நானும் இருக்கிறேன்" என்று நினைவூட்டத்தான்.

பணம் போட்டு வந்தவர் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். மணல், குவாரி, ஒப்பந்தம், பணி நியமனம், இடமாற்றம் என்று அதற்கு வழிகள் இருக்கின்றன. அவரது சொந்தக் குணம் எப்படி இருந்தாலும், அவர் வந்த வழி அவரை அங்கேதான் தள்ளும்.

பணத்துக்கு அடுத்தது பணிவு. 1985-ல் அரசியலமைப்பின் 52-வது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்கவே அது வந்தது. அந்த நோக்கம் சரியானது. ஆனால் கொறடாவின் ஆணைக்கு எதிராக வாக்களித்தால் பதவி போய்விடும் என்ற நிலையில், சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினரின் அறிவுக்கோ மனசாட்சிக்கோ வேலை குறைந்துவிட்டது. சொன்ன பக்கம் கை தூக்கினால் போதும் என்றால், யோசிக்கக்கூடியவரைத் தேடிப் பிடிக்க ஒரு தலைமைக்கு என்ன அவசியம்? யோசிப்பவர் தொல்லை.

நீதிமன்றங்கள் எதுவும் செய்யவில்லையா?

செய்திருக்கின்றன. வேட்பாளரின் வழக்குகள், சொத்து, கல்வி ஆகியவற்றை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் செல்லாததாக்க நாடாளுமன்றம் சட்டம் திருத்தியது. 2003-ல் அந்தத் திருத்தத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று நாம் படிக்கும் பிரமாணப் பத்திரம் அப்படிப் போராடிப் பெற்றது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் உடனே பதவி இழப்பார் என்ற நிலை 2013-ல், லில்லி தாமஸ் வழக்கில் வந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2020 பிப்ரவரி 13 அன்று வந்த உத்தரவு. வழக்குள்ள ஒருவரை நிறுத்தினால், ஏன் அவரை நிறுத்தினோம், வழக்கில்லாத வேறொருவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். "வெற்றி வாய்ப்பு உள்ளவர்" என்பது மட்டும் காரணமாகாது. சரியான இடத்தில் கை வைத்த உத்தரவு அது. முதல் முறையாகக் கேள்வி வாக்காளரை விட்டுக் கட்சியை நோக்கித் திரும்பியது. ஆனால் நடைமுறையில் "சமூக சேவகர்", "தொகுதியில் செல்வாக்கு மிக்கவர்", "வழக்கு அரசியல் பழிவாங்கல்" என்று ஒரே மாதிரி வாசகங்களை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிகார் தேர்தலில் உத்தரவைப் பின்பற்றாத கட்சிகளுக்கு 2021-ல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. சில கட்சிகளுக்கு ஒரு லட்சம், சிலவற்றுக்கு ஐந்து லட்சம். ஒரு பெரிய கட்சிக்கு அது ஒரு பொதுக்கூட்ட மேடைச் செலவுகூட ஆகாது.

நல்லவர்கள்கூடப் பதவிக்கு வந்ததும் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்களே?

அதுவும் நடக்கிறது. ஆனால் வருவதற்கு முன்பே யார் வர விரும்புகிறார்கள் என்பதில் வேறுபாடு இருக்கிறது. இதை அழகாகக் காட்டிய இரண்டு ஆய்வுகள் உண்டு.

ரேமா ஹன்னா, ஷிங்-யி வாங் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பெங்களூரில் கல்லூரி மாணவர்களிடம் பகடையைக் கொடுத்துத் தனியாகப் பல முறை உருட்டச் சொன்னார்கள். விழுந்த எண்ணை மாணவரே எழுதித் தர வேண்டும். எண் கூடினால் பணமும் கூடும். யார் பொய் சொன்னார் என்று தனித்தனியாகத் தெரியாது. ஆனால் ஒருவர் எழுதிய மொத்தம் நடக்கக்கூடியதைவிட மிக அதிகமாக இருந்தால் ஊகிக்கலாம். அப்படிக் கூட்டி எழுதியவர்களே அரசு வேலையை அதிகம் விரும்பினார்கள். டென்மார்க்கில் இதே போன்ற பகடைச் சோதனையை வேறு ஆய்வாளர்கள் நடத்தியபோது முடிவு நேர்மாறாக வந்தது. அங்கே நேர்மையானவர்களே அரசுப் பணியை விரும்பினார்கள்.

டென்மார்க்கில் பிறந்தவர்கள் இயல்பிலேயே நல்லவர்கள் என்று யாராவது முடிவு கட்டினால் நான் ஏற்கமாட்டேன். மேசைக்குக் கீழே வாங்க முடியாத வேலைக்கு, அப்படி வாங்க நினைப்பவர் ஏன் விண்ணப்பிக்கப் போகிறார்? ஒரு பதவியில் எதைச் சம்பாதிக்க முடியும் என்ற பேச்சு ஊரில் பரவும்போதே, அதற்கு யார் வரிசையில் நிற்பார்கள் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

நல்லவர்கள் ஏன் முன்வருவதில்லை?

"நல்லவர்களுக்குத் துணிவில்லை" என்று மேடையில் பேசுபவர்களிடம் எனக்குக் கோபம் வரும். முன்வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் மிரட்டலையும் வன்முறையையும் மீறி முருகேசன் போட்டியிட்டுத் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் அவரோடு சேர்த்து மேலும் ஐந்து பேரும் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், அருகே விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. மனுத்தாக்கல் செய்யவிடாமல் தடுத்தார்கள். அல்லது தங்கள் கைக்கு அடங்கிய ஒருவரை நிறுத்தி, வென்றதும் ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

இன்றும் பல ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவி கோயில் வாசலில் ஏலம் விடப்படுகிறது. அதிகத் தொகை கேட்டவர் போட்டியின்றித் தேர்வாகிறார். பணம் கோயில் திருப்பணிக்குப் போகிறது என்று சொல்லி ஊரே ஆறுதல் அடைகிறது. ஏலத்தில் கேட்க முடியாத ஏழை, அந்த ஊரின் மிகத் திறமையான மனிதராக இருந்தாலும், அவர் பெயர் பேச்சுக்கே வருவதில்லை.

"எங்களுக்கு அடாவடி ஆள்தான் வேலை முடித்துத் தருகிறார்" என்று மக்களே சொல்கிறார்களே?

ஆம், சொல்கிறார்கள். அவர்கள் அறியாமையில் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்கிறார்கள், பட்டாவுக்கு ஆண்டுக்கணக்கில் அலைய விடுகிறார்கள், மருத்துவமனையில் படுக்கை இல்லை என்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு போன் போட்டு வேலையை முடித்துத் தருபவர் தேவைப்படுகிறார். அவர் போனுக்கு அதிகாரிகள் ஏன் பயப்படுகிறார்கள் என்று யோசிக்க மக்களுக்கு அப்போது நேரமில்லை. புகாரும் பட்டாவும் சிபாரிசு இல்லாமலே நடந்தால் அந்த மனிதரின் செல்வாக்கு அன்றைக்கே சரியும். ஆகவே அவருக்கு அலுவலகம் சரியாக நடக்காமல் இருப்பதில்தான் லாபம்.

பெண்களுக்கு இடஒதுக்கீடு தந்தால் கணவர்தானே ஆள்கிறார்? முறையை மாற்றி என்ன பயன்?

கணவர் கையெழுத்திடும் ஊராட்சிகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் மூன்றில் ஒரு பங்கு ஊராட்சிகளில் தலைமைப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றை மற்ற ஊராட்சிகளோடு ஒப்பிட்டார்கள். பெண்கள் தலைமை வகித்த இடங்களில் குடிநீருக்கான பணிகள் அதிகம் நடந்திருந்தன. ஊர்க் கூட்டங்களில் பெண்கள் அதிகம் எழுப்பிய கோரிக்கையும் குடிநீர்தான். அந்தத் தலைவிகளில் பலர் முன் அனுபவம் இல்லாதவர்கள், அதிகம் படிக்காதவர்கள். உள்ளே வரும் வழி மாறியபோது, வந்தவர்களும் மாறினார்கள், நடந்த வேலையும் மாறியது.

படித்தவர்கள் மட்டும் போட்டியிடலாம் என்று சட்டம் போட்டால்?

வேண்டாம். ஹரியானா 2015-ல் ஊராட்சித் தேர்தலுக்குக் கல்வித் தகுதி விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ராஜஸ்தான் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்து, 2019-ல் கைவிட்டது. பள்ளிக்குப் போக வழியில்லாமல் வளர்ந்த ஒரு பெண் போட்டியிட வந்தால், பள்ளி கிடைக்காதது அவள் குற்றமா? ஊழல் வழக்கில் சிக்குபவர்களில் படித்தவர்களுக்குக் குறைவே இல்லை.

பழந்தமிழகத்தில் இதற்கு வழி கண்டார்கள் என்கிறார்களே, குடவோலை முறை?

உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. "உலகின் முதல் ஜனநாயகம்" என்று பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதன் நுட்பத்தைப் படிப்பவர்கள் குறைவு.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள், கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாதே என்று. பிறகு அதை உரக்கப் படிக்க வேண்டும். இப்படித்தான் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் அமைந்தன. பொறுப்பு 360 நாள்.

இதைவிட முக்கியம், யார் பெயரை எழுதக்கூடாது என்ற பட்டியல். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது. யார் யார் உறவினர் என்று அத்தை மகன், மாமன் மகன் வரை எழுதியிருக்கிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. ஊரில் தீயவர் கெட்டு நல்லவர் தழைக்கவே இந்த ஏற்பாடு என்று கல்வெட்டே சொல்கிறது. தொடர்ந்து அமர முடியாது, வாரிசை அமர்த்த முடியாது, பணம் கொடுத்து ஓலையை வாங்க முடியாது. பதவி வெறியரும் பணக்காரரும் நுழையும் மூன்று வழிகளையும் அடைத்திருக்கிறார்கள். இன்றும் தேர்தல் செலவுக் கணக்கு காட்டாத வேட்பாளருக்கு மூன்று ஆண்டு தடை விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தண்டனை அவரோடு நின்றுவிடுகிறது, மகன் அடுத்த தேர்தலில் நிற்பார்.

அதே வேளை இதையும் மறைக்கக்கூடாது: அது ஒரு பிரம்மதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம். பெண்களும், உழுதவர்களும், சேரியில் இருந்தவர்களும் கணக்கிலேயே இல்லை. கருவி கூர்மையானது; அதை மிகச் சிலர் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இன்றைக்குச் சீட்டுக் குலுக்கி ஆள முடியுமா?

முழு ஆட்சியையும் அப்படி நடத்த முடியும் என்று நான் நம்பவில்லை. பண்டைய ஏதென்ஸில்கூட 500 பேர் அவையைக் குலுக்கலில் எடுத்தார்கள். படைத்தலைவர்களை வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் குறிப்பிட்ட பணிகளுக்கு அது பொருந்தும். அயர்லாந்தில் 2016-ல் குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, கட்சிகள் தொடப் பயந்த கருக்கலைப்புச் சட்டம் பற்றி ஆராயச் சொன்னார்கள். அவர்கள் பரிந்துரைக்குப் பின் 2018-ல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, 66.4 விழுக்காட்டினர் மாற்றத்தை ஏற்றார்கள். நம் ஊராட்சிப் பணிகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் குழுவை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கலாமே.

அலுவலகங்களிலும் இதே கதைதானா?

ஓரளவு. அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்த விற்பனையாளருக்கே மேலாளர் பதவி போவதும், அப்படிப் போனவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குறைவதும் தெரிந்தது. ஒரு வேலையில் சிறந்தவருக்குப் பரிசாக வேறொரு வேலையைத் தருகிறார்கள். ஆனால் அங்கே தவறு நேர்ந்தால் நிறுவனத்துக்கு நட்டம். நாட்டில் நேர்ந்தால் பள்ளிக்கூடத்தின் கூரை இடிகிறது. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

நோட்டாவுக்குப் போட்டால் கட்சிகள் பாடம் கற்குமா?

2013 முதல் அந்தப் பொத்தான் இருக்கிறது. 2024-ல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்தன. வென்றவர் வென்றவர்தான். நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என்ற விதி மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கு வரும்வரை அது மனக்குறையைப் பதிவு செய்யும் இடம் மட்டுமே.

வேட்பாளரையே மக்கள் தேர்ந்தெடுக்க முடியாதா?

முடியும். 2009-ல் இங்கிலாந்தின் டாட்னஸ் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு சோதனை செய்தது. தங்கள் வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று கேட்டு, கட்சிக்காரர் அல்லாதவர்கள் உட்பட அத்தொகுதியின் எல்லா வாக்காளர்களுக்கும் அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். வென்றவர் சாரா வொலாஸ்டன், அரசியலில் வேர் இல்லாத ஒரு குடும்ப மருத்துவர். 2010-ல் நாடாளுமன்றம் சென்றார். பிறகு நலவாழ்வுக் குழுவின் தலைவரானார். கட்சித் தலைமை சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. அந்த முறையைக் கட்சி பரவலாக்கவில்லை. செலவு அதிகம் என்றார்கள். தலையாட்டாத உறுப்பினர் ஒருவர் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

இங்கே அதைச் சட்டமாக்குவது உடனே நடக்காது. உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தாத கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரமே தேர்தல் ஆணையத்திடம் இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அந்த அதிகாரத்தைத் தரும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும். முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.

அதுவரை நான் என்ன செய்வது?

நீங்கள் ஏதாவது ஒரு கட்சியில் இருந்தால், பட்டியல் வெளியாகும் முன்பே பேசுங்கள். வெளியான பின் கொதிப்பதில் பயனில்லை. தலைமை நடுநிலையாளரின் கடிதத்தைவிடத் தன் கிளைச் செயலாளரின் அதிருப்திக்கே அதிகம் அஞ்சும்.

கட்சியில் இல்லாதவர்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பிரமாணப் பத்திரத்தைத் திறந்து, முந்தைய தேர்தலில் அவர் தந்ததோடு சொத்துக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்குள்ள வேட்பாளர் என்றால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சி வெளியிட்ட சி-7 படிவத்தையும் தேடிப் படியுங்கள். தேர்வு செய்த 48 மணி நேரத்துக்குள் அது கட்சியின் இணையதளத்தில் இருக்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும்போது அதை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரடியான இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். வரவு செலவுக் கணக்கை அங்கே வாசித்தாக வேண்டும். கேட்டால் காட்டியாக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து போய், ஒரே ஒரு பணியின் கணக்கை மட்டும் எடுத்து, அளவையும் தொகையையும் கேட்டு, கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.